பனியாற்றில் இரண்டு சம்பந்திமாரும் ஒரு சாரதியும்

நான் ஓட்டிய மலைப்பேருந்தில் இப்போது மலைகளின் பெயரை ஒரு பெட்டி சொல்கிறதாம். வளைவு வந்ததும் தானே விழித்துக்கொண்டு, "இடப்பக்கம் பாருங்கள்" என்று பல மொழிகளில் அறிவிக்கிறதாம். எனக்குப் பின் அந்த வேலைக்கு வந்த நிரோஷன் தொலைபேசியில் சொன்னார்.

"அண்ணை, சிஸ்டம் நல்லாத்தான் இருக்கு. ஆனா போன கிழமை பனிப்புகார் மூடி ஒண்டுமே தெரியேல்லை. அது தன்ரை பாட்டுக்கு 'எவ்வளவு அழகான சிகரம்' எண்டு சொல்லிக்கொண்டு போகுது. சனம் விழுந்து விழுந்து சிரிக்குது. உங்கட காலத்தில என்ன செய்தனீங்கள்?"

"எங்கட காலத்தில வானம் வெளிச்சிருந்தாலும் சனம் சிரிச்சதுதான்" என்றேன்.

நான் அந்தக் காலத்தில் ஒலிவாங்கியில் சொன்னதையெல்லாம் எழுதித் தரமுடியுமா, புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்று கேட்டார். எழுதலாம். ஆனால் புவியியல் படித்த யாராவது வாசித்தால் வழக்குப் போடுவார்கள். ஆகவே சொன்னதை விட்டுவிட்டு நடந்ததை எழுதுகிறேன். அது எனக்கு எதிராக மட்டுமே சாட்சி சொல்லும்.

வேலை பழகிய காலத்தைச் சுருக்கிவிடலாம். முதலில் பாட்ஸ்பியோர்ட்டில், வடக்குக் கடலோரத்து மீன் தொழிற்சாலையில், மீன் வெட்டினேன். மீன் என்னை வெட்டிய நாட்களும் உண்டு. பிறகு ஒஸ்லோவுக்கு வந்து நகரப் பேருந்து ஓட்டினேன். நகரப் பேருந்தில் சாரதியோடு யாரும் கதைப்பதில்லை. கதைக்க ஆள் வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக, ராக்ன்ஹில்ட் என்ற பெண்மணி நடத்திய சிறிய மலைப்பயண நிறுவனத்துக்குப் போனேன். உலகத்திலேயே குறைவாகக் கதைக்கும் மனிதர் அவர்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

நேர்முகத்தில் அவர் ஒரே கேள்வி கேட்டார்.

"பேருந்தைப் பின்னுக்கு எடுக்கத் தெரியுமா?"

"தெரியும்."

"மலைப் பாதையில்?"

"அங்கே முன்னுக்குப் போவதே தெரியாது."

நாங்கள் 'ஐயோ' என்பதற்கு இழுக்கும் மூச்சில் அவர் 'யா', அதாவது 'ஓம்', என்றார். வேலை கிடைத்துவிட்டது. அந்த உள்மூச்சு 'யா'வுக்கு எத்தனை அர்த்தங்கள் உண்டு என்று வேலையை விடும்வரைக்கும் நான் படித்துக்கொண்டிருந்தேன். சம்மதம், சலிப்பு, 'உன்னை என்ன செய்வது' எல்லாம் அதற்குள் இருந்தன.

ராக்ன்ஹில்ட்டிடம் மூன்று விஷயங்களில் விட்டுக்கொடுப்புக் கிடையாது. முதலாவது, ஒலிவாங்கி. கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்லவேண்டும். மேகம் மூடியிருந்தால் 'மேகம்' என்று சொல்லிவிட்டு அணைத்துவிட வேண்டும். இது எங்கள் ஆட்களின் சுபாவத்துக்கு நேர் எதிரானது. ஒலிவாங்கி கைக்கு வந்தால், 'அவையில் வீற்றிருக்கும்' என்று தொடங்காமல் விடுவது எங்களுக்குப் பெரிய தவம்.

இரண்டாவது, சப்பாத்து. புறப்படும் காலையில் பேருந்துப் படியருகே குந்தியிருந்து, ஏறுகிற ஒவ்வொருவருடைய சப்பாத்தையும் இரண்டு கையாலும் பிடித்து முறுக்கிப் பார்ப்பார். முகத்தை நிமிர்ந்து பார்க்கமாட்டார். அடி வளைந்தால் அந்த ஆளுக்கு மலை இல்லை. மேலே தங்குவிடுதியில் இருந்து கோப்பி குடிக்கலாம்.

மூன்றாவது, கயிறு. பனியாற்றைக் கடக்கும்போது எல்லோரையும் ஒரே கயிற்றில் வரிசையாகக் கட்டுவார்கள். பனிக்கு அடியில் வெடிப்புகள் இருக்கும். ஒருவர் கால் தவறினால் மற்றவர்கள் பிடித்துக்கொள்வதற்குத்தான் இந்த ஏற்பாடு. கயிறு தொய்யவும் கூடாது, இழுபடவும் கூடாது. மற்ற வழிகாட்டிகள் எடை பார்த்து வரிசை போடுவார்கள், வயது பார்த்துப் போடுவார்கள். ராக்ன்ஹில்ட் உறவு பார்த்துப் போடுவார். நண்பர்களை அடுத்தடுத்துக் கட்டவேமாட்டார். நண்பர்கள் கதைப்பார்கள், கதைத்தால் கிட்ட வருவார்கள், கிட்ட வந்தால் கயிறு தொய்யும். "பிடிக்காதவர்கள்தான் சரியான இடைவெளி விட்டு நடப்பார்கள்" என்பார். இந்த நாட்டு மக்கள் முழுப்பேரும் இப்படித்தான் வரிசையில் நிற்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். சொன்னதில்லை.

எங்கள் பிரதான பயணம் கால்ட்ஹோபிகன். நார்வேயின் மிக உயரமான சிகரம். பெயர் கேட்டு வருகிறவர்கள் முதலில் ஏமாந்துபோவார்கள். ஏனென்றால், பள்ளத்தாக்கிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பித் திரும்பி, மரமெல்லாம் கைவிட்டுப்போன உயரத்துக்குப் பேருந்தே ஏறிவிடும். அங்கே தங்குவிடுதி. அதன் முன்னால் கோடையிலும் ஐஸ்கட்டி மிதக்கும் ஏரி. ஏரிக்கு அப்பால் கல்வெளி, பிறகு வெள்ளையாகப் படுத்துக் கிடக்கும் பனியாறு, அதன் மறுகரையில் கறுப்பாக ஒரு கற்குவியல். அதுதான் சிகரம். "இவ்வளவுதானா?" என்பார்கள். போய்த் திரும்பிய பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்கள். உட்காரத்தான் இடம் கேட்பார்கள்.

நான் ஒருமுறையும் ஏறியதில்லை. அதை ஒளித்ததும் இல்லை. கோயில் வாசலில் கச்சான் கடலை விற்கிறவர் திருவிழாப் பார்க்காதது போல, வருடாவருடம் அடிவாரத்தில் நின்றேன். பேருந்தைத் தனியே விட ஏலாது என்று காரணம் சொல்வேன். அந்த இடத்தில் பேருந்தைத் திருடக்கூடியவை செம்மறியாடுகள் மட்டுமே. உண்மைக் காரணம், எனக்கு ஏணியில் நின்று மின்குமிழ் மாற்றவே வியர்க்கும்.

இனி அந்தப் பயணத்துக்கு வருகிறேன்.

ஒரு கோடையில் எங்கள் ஊர்ச்சங்கம் ஒன்று எங்கள் நிறுவனத்தைப் பிடித்தது. பேருந்து நிறையத் தமிழர்கள். ராக்ன்ஹில்ட் சப்பாத்து முறுக்கிப் பார்க்க வாழ்நாளில் முதற்தடவையாக உதவிக்கு ஆள் கேட்டார். ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட்டில் சிவகுரு அண்ணை, மனைவி, மகள் தர்சினி ஏறினார்கள். சிவகுரு அண்ணை மெலிந்த, நிமிர்ந்த மனிதர். தபால் பிரிக்கும் வேலை. கடிதத்தில் முகவரி எழுதுவதைப்போல நிதானமாகத்தான் கதைப்பார். ட்வெய்ட்டாக் கடைத்தொகுதி வாசலில் பேருந்தை நிறுத்தியபோது, அங்கே கனகசபை அண்ணை குடும்பத்தோடு நின்றார். ஆளும் பெரிது, குரலும் பெரிது. ஒஸ்லோவில் எந்த விழாவுக்கும் ஒலிவாங்கி அவரிடம்தான். பக்கத்தில் மகன் அரவிந்தன், யாருடைய கண்ணையும் பார்க்காமல் வானிலையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சிவகுரு அண்ணை கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, இது எந்த பஸ்?"

"மலைக்குப் போறது அண்ணை."

"உவரும் மலைக்கோ?"

படியில் ஒரு கால் வைத்த கனகசபை அண்ணை உள்ளே பார்த்தார். வைத்த கால் அந்தரத்தில் நின்றது. ராக்ன்ஹில்ட் அந்தக் காலைப் பிடித்து, சப்பாத்தை முறுக்கி, நல்லது என்று உள்ளே தள்ளிவிட்டார். ஒருவர் முன் ஆசனத்தில், மற்றவர் கடைசி ஆசனத்தில். நான் கதவைச் சாத்தினேன்.

வழியில் கோப்பிக்கு நிறுத்திய இடத்தில் தர்சினி என்னிடம் வந்தாள்.

"அங்கிள், ஒரு உதவி. எங்கட ரெண்டு அப்பாமாருக்கும் மற்றவர் வாறது முன்னம் தெரியாது. நானும் அரவிந்தனும்தான் புக் பண்ணினனாங்கள்."

"அது எனக்கும் இப்பதான் தெரியும்."

அவளுக்கும் அரவிந்தனுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மண்டபம், ஐயர், மேளம் எல்லாம் பேசியாயிற்று. நிச்சயதார்த்தத்தன்று கனகசபை அண்ணை வழக்கம்போல ஒலிவாங்கியை எடுத்து நன்றியுரை சொன்னார். சமைத்தவருக்கு நன்றி, படம் பிடித்தவருக்கு நன்றி, கதிரை அடுக்கிய பிள்ளைகளுக்கு நன்றி, மண்டபத் திறப்பைக் கொண்டுவந்த நார்வேக்காரருக்கும் நன்றி. பெண்ணைப் பெற்ற சிவகுருவின் பெயரை மட்டும் விட்டுவிட்டார். வேண்டுமென்று விட்டதல்ல. ஆனால் இருவரும் ஒருகாலத்தில் பாட்ஸ்பியோர்ட்டில் ஒரே அறையில் படுத்தவர்கள். "திறப்புக்காரன்ரை பேர் ஞாபகம் இருக்கு, என்ரை பேர் ஞாபகம் இல்லையோ" என்று சிவகுரு அண்ணை அன்றே எழும்பிப் போய்விட்டார். கல்யாணத்தைத் தடுக்கமாட்டேன், ஆனால் மணவறைக்கு வந்து தாரை வார்க்கமாட்டேன், தாய்மாமன் வார்க்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

"அப்பா வராட்டி நான் மணவறையில இருக்கமாட்டன் அங்கிள்" என்றாள் தர்சினி. "அவருக்கும் சொல்லிப்போட்டன். அவர் பேசாமப் பேப்பர் வாசிக்கிறார். நாளும் கிட்டுது. ரெண்டு பேரும் ஒரு வார்த்தை கதைச்சினம் எண்டால் போதும். திட்டினாலும் பரவாயில்லை."

தாய்மார் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். அவர்கள் இருவரும் இந்தச் சண்டைக் காலம் முழுக்க ஒவ்வொரு நாளும் தொலைபேசியில் கதைத்துக்கொண்டுதான் இருந்தார்களாம். கல்யாணச் சேலை நிறம் வரைக்கும் முடிவாகிவிட்டதாம்.

மலை ஏறும் பாதையில் என் கடமையைச் செய்தேன். கிழக்கே கிளிட்டர்டிண்ட் தெரிந்தது. தலையில் வெள்ளைத் தொப்பியோடு நிற்கும் அடுத்த பெரிய மலை. ஒருகாலத்தில் அந்தத் தொப்பியையும் சேர்த்து அளந்து, அதுதான் உயரம் என்று வாதித்தவர்கள் உண்டு, பிறகு பனி உருகி வாதம் முடிந்துவிட்டது என்று ஒலிவாங்கியில் சொன்னேன். இது மட்டும் நான் சொன்னவற்றில் உண்மையானது.

முன் ஆசனத்திலிருந்து சிவகுரு அண்ணை, பேருந்து முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "சிலபேர் உப்பிடித்தான் தம்பி. தலையில இருக்கிற பனியையும் சேத்துத்தான் தங்கட உயரத்தை அளக்கிறது."

பின்னாலிருந்து பெரிய குரல் வந்தது: "தம்பி, சிலபேருக்குப் பனியும் இல்லை, மலையும் இல்லை எண்டு உவருக்குச் சொல்லும்!"

நான் ஒலிவாங்கியை அணைத்துவிட்டேன். மேகம் இல்லாத நாளில் அணைத்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை கல்வெளியைத் தாண்டிப் போகிறவர்களை விடுதி வாசலில் நின்று கையசைத்து அனுப்புவதாக இருந்தேன். ராக்ன்ஹில்ட் கயிற்று வரிசை எழுதுவதற்காக என்னிடம் வந்தார்.

"உன் ஆட்களில் யாருக்கு யாரைப் பிடிக்காது?"

இருவரையும் சேர்த்துக் கட்டவேண்டாம் என்று எச்சரிக்கும் நல்லெண்ணத்தில், சிவகுரு அண்ணை பக்கம் ஒரு விரலும் கனகசபை அண்ணை பக்கம் ஒரு விரலும் நீட்டினேன். அவருடைய முகத்தில் நான் அதுவரை காணாத ஒரு நிறைவு. "அற்புதம். அடுத்தடுத்து." அவருடைய சட்டத்தை நானே மறந்துபோயிருந்தேன்.

அறிவித்ததும் இருவரும் ஒரே நேரத்தில், ஒரே வாக்கியத்தை, நல்ல நார்வேஜிய மொழியில் சொன்னார்கள்: அந்த ஆளோடு கட்டினால் நான் வரவில்லை. ராக்ன்ஹில்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பேரம் பேசுவது அவருடைய பழக்கத்தில் இல்லை. அப்போதுதான் தர்சினி, பெண்களுக்கே உரிய இரக்கமற்ற தெளிவோடு சொன்னாள்:

"நடுவில டிரைவர் அங்கிளைக் கட்டினால் என்ன?"

எனக்குச் சப்பாத்து இல்லை என்றேன். ராக்ன்ஹில்ட் விடுதிப் பொருளறைக்குப் போய் ஒரு சோடி கொண்டுவந்தார். என் அளவு. புதிது. எனக்கென்றே வாங்கி, நான் கேட்பேன் என்று எத்தனையோ கோடை வைத்திருந்திருக்கிறார்.  பேருந்தைத் தனியே விட ஏலாதே, என்றேன். "யா" என்று மூச்சை இழுத்துவிட்டு, சப்பாத்தை முறுக்கிப் பார்த்தார்.

வரிசை இப்படி அமைந்தது: முதலில் ராக்ன்ஹில்ட், பிறகு இளையவர்கள், தர்சினி, சில மாமிமார், கனகசபை அண்ணை, நான், சிவகுரு அண்ணை, அவருக்குப் பின் மிச்சப்பேர். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே நல்ல நீளமான கயிறு. ஆகவே எதையும் இரகசியமாகச் சொல்லமுடியாது. கத்தித்தான் சொல்லவேண்டும். "அவர்களோடு நீயும் கதைக்காதே" என்று ராக்ன்ஹில்ட் என்னை எச்சரித்தார். அவர்கள் விட்டால்தானே.

"தம்பி! முன்னுக்குப் போறவரை மெல்லப் போகச் சொல்லும். சனம் இழுபடுது!"

"அண்ணை, மெல்லப் போகட்டாம்."

"பின்னுக்கு வாறவரைச் சோறு திண்டிட்டு நடக்கச் சொல்லும்!"

"அண்ணை..."

"கேட்டது, கேட்டது. நீர் சொல்லத் தேவையில்லை."

கேட்கிறது என்றால் என்னை ஏன் நடுவில் கட்டினார்கள் என்று யோசித்தபடி நடந்தேன். காலுக்குக் கீழே பனி சர்க்கரைபோல நொறுங்கியது. வெயில் பனியில் பட்டு மூக்குக்குள்ளும் அடித்தது. கொஞ்ச நேரம் 'இதுவா எனக்குப் பயம்' என்றுகூட நினைத்தேன். அந்த நினைப்பு ஒரு வெடிப்பு வரைக்கும் நீடித்தது.

பெரிதாகக் கற்பனை செய்யவேண்டாம். ஊரில் மழை வெள்ளம் ஓடுகிற வாய்க்கால் அளவு. ராக்ன்ஹில்ட் திரும்பிப் பார்க்காமல் தாண்டினார். இளையவர்கள் படம் எடுத்துத் தாண்டினார்கள். முழங்கால் வருத்தக்கார மாமி ஒருவர் "முருகா" என்று தாண்டினார். கனகசபை அண்ணையும் தாண்டினார். நான் விளிம்புக்கு வந்து உள்ளே பார்த்தேன். முதலில் வெள்ளை, பிறகு நீலம், அதற்குக் கீழே கறுப்பு. கீழே எங்கேயோ தண்ணீர் ஓடும் சத்தம்.  பனியில் உட்கார்ந்துவிட்டேன். கயிறு முழுவதும் நின்றது.

"தம்பி, காலை எடுத்து வையும்" என்றார் கனகசபை அண்ணை மறுகரையிலிருந்து.

"அண்ணை, சரியான ஆழம்."

"ஆழத்தை ஆர் கேட்டது? அகலத்தைப் பாரும்!"

"ஏலாது அண்ணை."

அவர் கயிற்றைப் பிடித்து இழுத்தார். நான் இருந்தபடியே வழுக்கி விளிம்பைநோக்கிப் போனேன். என் வாயிலிருந்து வந்த சத்தத்தை இங்கே எழுத எழுத்து இல்லை.

"உப்பிடி இழுக்காதையும்! ஆள் உள்ளுக்கை போயிடுவான்!"

பின்னாலிருந்து சிவகுரு அண்ணை. 'சொல்லும்' இல்லை. 'உவர்' இல்லை. நேராக அவரிடமே. நான் அப்போது அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

"அப்ப நீர் பின்னால நிண்டு என்ன செய்யிறீர் காணும்? தள்ளுமன்!" என்றார் கனகசபை அண்ணை.

"தள்ளினாலும் உள்ளுக்கைதானே போவான்? விளங்கேல்லையே?"

"இழுத்தாலும் விழுவான், தள்ளினாலும் விழுவான் எண்டால் இவனை இஞ்சையே விட்டிட்டுப் போறதே?"

"விட்டிட்டுப் போனால் பஸ்ஸை ஆர் ஓடுறது?"

கனகசபை அண்ணை ஒரு கணம் யோசித்தார். "அதுதானே!" என்றார்.

"உவனை நம்பித்தானே இந்த மலையில பிள்ளையளை ஏத்திக்கொண்டு வந்தனாங்கள்!" என்றார் சிவகுரு அண்ணை.

"நானும் அதைத்தான் யோசிக்கிறன். இவ்வளவு வளைவிலயும் இவன் கண்ணை மூடிக்கொண்டுதான் ஓடியிருக்கிறான்!"

"ஓம் காணும்! ஒரு வளைவில எனக்குச் சந்தேகம் வந்தது!"

முன்னால் தர்சினி திரும்பி நின்றாள். வாயை ஒரு கையால் பொத்திக்கொண்டு, மற்றக் கையால் எனக்குச் சைகை காட்டினாள்: எழும்பாதேயுங்கோ, அப்படியே இருங்கோ. அதைப் பார்த்ததும் எனக்குத் தெளிந்துவிட்டது, அவளுக்காகத்தான் தொடர்ந்து உட்கார்ந்திருந்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. தெளியவில்லை. எழும்பச் சொல்லியிருந்தாலும் இருந்திருப்பேன்.

ராக்ன்ஹில்ட் தூரத்தில் நின்று எங்கள் கயிற்றைப் பார்த்தார். ஒருபுறம் கனகசபை அண்ணை இழுக்க, மறுபுறம் சிவகுரு அண்ணை பிடிக்க, அது வீணைத் தந்திபோல நேராக நின்றது. ராக்ன்ஹில்ட் சட்டைப்பையிலிருந்து சொக்லேட் எடுத்து உடைத்து, ஆறுதலாகத் தின்னத் தொடங்கினார்.

கடைசியில் அவருடைய அனுமதியோடு சிவகுரு அண்ணை கயிற்றைச் சுற்றியெடுத்தபடி கிட்ட வந்து, என் இடுப்புப் பட்டியைப் பின்னால் பிடித்தார். கனகசபை அண்ணை மறுகரையிலிருந்து ஊன்றுகோலை நீட்டினார். மூன்று எண்ணித் தூக்குவதென்று முடிவாயிற்று. மூன்றிலா, மூன்றுக்குப் பிறகா என்று முடிவாகவில்லை. ஒருவர் மூன்றில் இழுத்தார், மற்றவர் மூன்றுக்குப் பிறகு தள்ளினார். நான் மறுகரையில் முகம்குப்புற இறங்கினேன். மாமிமார் கைதட்டினார்கள்.

பனியாறு முடிந்து, கயிறு அவிழ்ந்து, கற்களில் கைகாலால் ஏறி ஒருவழியாக உச்சிக்குப் போனோம். அங்கே கல்லால் கட்டிய சிறு குடில் ஒன்று இருக்கிறது. அதன் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, வாழ்க்கையில் முதற்தடவையாகச் சுற்றிலும் பார்த்தேன். கிழக்கே கிளிட்டர்டிண்ட். தென்மேற்கே மரம் அரியும் வாளின் பற்களாக இன்னொரு மலைத்தொடர். கீழே தீப்பெட்டி அளவில் விடுதி, பொட்டளவில் என் பேருந்து. இந்த மலையிலிருந்து கடல் தெரியும் என்று எத்தனை வருடம் ஒலிவாங்கியில் சொல்லியிருப்பேன்! கடலைக் காணவில்லை. மலைக்குப் பின் மலை, அதற்குப் பின்னும் மலை.

சம்பந்திமார் இருவரும் எனக்குச் சற்றுத் தள்ளி ஒரே கல்லில் இருந்து, ஒரே சுடுதண்ணிப் போத்தலிலிருந்து மாறி மாறித் தேநீர் குடித்தார்கள். மன்னிப்பு என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை. நன்றியுரையை யாரும் நினைவூட்டவில்லை. அவர்களுக்குக் கதைக்க என்னைவிட வேறு விஷயம் தேவைப்படவில்லை. என் முழங்கால், என் கண், என் சாரதிப் பத்திரம், அதை எனக்குத் தந்த அதிகாரியின் மனநிலை என்று ஒவ்வொன்றாக அலசினார்கள். தாய்மார் இருவரும் சோற்றுப் பொதிகளைப் பிரித்தபடி காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"கலியாணத்துக்கு இவன்ரை பஸ்ஸைப் பிடிக்கக் கூடாது, சொல்லிப்போட்டன்" என்றார் சிவகுரு அண்ணை.

"அட்வான்ஸ் குடுத்தாச்சு காணும். என்ரை ஆக்களை வேறை ஆர் ஏத்திறது?"

"உம்மடை ஆக்கள் எப்பிடியும் வரட்டும். என்ரை ஆக்களை இவனோட ஏத்தமாட்டன். நான் வேறை பஸ் பிடிச்சு, தாரை வாக்கிற நேரத்துக்கு முன்னமே மண்டபத்தில கொண்டுவந்து இறக்கிறன்."

பொதி பிரித்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. தர்சினியின் அம்மா சம்பந்தியம்மாவைப் பார்த்தார். அவர் கண்ணால் 'பேசாமல் இரும்' என்றார். கனகசபை அண்ணை தேநீரை ஊற்றி, கோப்பையைச் சிவகுரு அண்ணையிடம் நீட்டினார்.

தர்சினி எழும்பி, என் பக்கம் வந்து குந்தினாள். கண் சிவந்திருந்தது. வெயிலில் என்றால் நம்பலாம். அங்கே எல்லோருக்கும் சிவந்துதான் இருந்தது. என் காதோடு சொன்னாள்:

"அங்கிள், கலியாணம் முடியுமட்டும் நீங்கள் உப்பிடியே பயந்துகொண்டு இருக்கோணும். சரியே?"

நான் கீழே பார்த்தேன். நாங்கள் வந்த வழி வெள்ளையாகப் படுத்துக் கிடந்தது. அந்த வெடிப்பு அங்கேதான் எங்கேயோ திறந்தபடி இருந்தது. திரும்பிப் போவதற்கு வேறு பாதை இல்லை.

"அதுக்கு நீ ஒண்டும் யோசியாதை பிள்ளை" என்றேன்.